அம்மா பிடித்த கயிறு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது அம்மாவோடு சில காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள். அதை மறைத்துவிட்டு ‘அனைவரும் போற்ற வாழ்ந்தார்கள்’ என்று எழுதினால் அம்மாவே எழுந்து வந்து என்னைக் கேட்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அம்மாவின் இரண்டாவது மகள்.

ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே அம்மா பிறந்தார்கள். பிறந்த வீட்டில் எருமையும் உழவு மாடும் உண்டு. குதிரையைத் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலோ பின்கட்டு முழுக்கக் குதிரைச் சாணமும் கொள்ளு வாசமும்தான். அப்பா குதிரை வண்டி ஓட்டினார்கள். அதோடு பொலிகுதிரை ஒன்றும் வளர்த்தார்கள். வண்டிக்காரர்களும் கரிசல்காட்டு விவசாயிகளும் தங்கள் பெட்டைக்குதிரைகளைச் சினைக்கு விட எங்கள் பின்வாசலுக்குத்தான் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

இந்தத் தொழில் தாத்தா காலத்தில் வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் விவசாயிகளின் பெட்டைகளுக்காகச் சர்க்காரில் பொலிகுதிரைகளை நிறுத்தி வைத்திருந்தார்களாம். தாத்தா அங்கே குதிரைக்காரர். பெட்டை சினை நிற்காவிட்டால் மறுபடியும் கொண்டுவரலாம், நிற்கிற வரைக்கும் கொண்டுவரலாம் என்பது அங்கே முறை. அந்த முறையைத் தாத்தா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் அது சாமி காரியம் போல. வாசலுக்கு வந்த பெட்டையைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டின் சொல் அன்றோடு முறிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்த வண்டிக்காரரும் அந்தப் பக்கம் வரமாட்டார்.

எங்கள் பொலிகுதிரைக்குத் தெருவில் வைத்த பெயர் மைனர். பெயர்ப் பொருத்தம் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. செந்நிறம், நெற்றியில் வெள்ளை. குட்டியாக வந்தபோது கஞ்சி ஊற்றி வளர்த்தது அம்மாதான். வளர்ந்த பிறகு என் அக்கா கையால் கொடுத்தால்தான் கொள்ளு தின்னும் என்று அப்பா கேலி செய்வார்கள்.

புதுத் துறைமுக வேலைகள் மும்முரமாக நடந்த சமயம் அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார்கள். காரியம் முடிந்த கையோடு உறவினர்கள் கூடி, மைனரை விற்க வேண்டும், இல்லாவிட்டால் காயடித்து வண்டியில் பூட்ட வேண்டும் என்றார்கள். தாலியறுத்த பெண் இருக்கிற வீட்டில் பொலிகுதிரை நிற்பது கௌரவமா என்பது கேள்வி. நீங்கள்தான் கேட்டீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா விற்கவும் இல்லை, காயடிக்கவும் இல்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல மைனருக்குத் தண்ணீர் காட்டினார்கள். பெட்டைகள் வரும் நாட்களில் அப்பாவின் அண்ணனான பெரியப்பா வந்து கயிறு பிடிப்பார்கள். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்வார்கள். அப்படித்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம்.

அக்காவுக்கு முத்தையாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். மைனரைக் காயடித்துவிட வேண்டும். அக்காவுக்காக அம்மா சம்மதித்தார்கள். நிச்சயதாம்பூலத்துக்கு மறுநாள் காலை ஆளை வரச்சொல்லி ஏற்பாடும் ஆயிற்று.

ஒரே ஒரு பெட்டையின் கணக்கு மட்டும் முடியாமல் இருந்தது. அப்பாவின் சிநேகிதர், குதிரை வண்டி ஓட்டும் காசிச் சித்தப்பாவின் பெட்டை அது. அப்பா இருக்கும்போதே வந்தும் சினை நிற்கவில்லை. “நிக்கிற வரைக்கும் கொண்டா, நான் இருக்கேன்” என்று அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா இரண்டு முறை அவருக்கு ஆள் அனுப்பினார்கள். பெட்டை பருவத்துக்கு வரவில்லை என்றே பதில் வந்தது.

நிச்சயதாம்பூலத்தன்று, பெரியப்பா கையில் தட்டு இருக்கும்போது, பின்கட்டில் மைனர் கனைத்தது. அது எந்தக் கனைப்பு என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விசேஷம் என்று அறியாமல் காசிச் சித்தப்பா பெட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“விசேஷம்னு தெரியாமப் போச்சு மதினி. நான் போயிட்டு வாரேன்” என்று பெட்டையைத் திருப்பினார்.

“நில்லுங்க தம்பி. பின்வாசலுக்குக் கொண்டாங்க” என்றார்கள் அம்மா.

அக்கா உள்ளேயிருந்து பட்டுச்சேலையோடு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னைக்கு ஒரு நாள் திருப்பி அனுப்பிரும்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக மொதல்ல போவட்டும்.”

“விடியக் காயடிக்க ஆள் வாரான். அதுக்குப் பொறவு உங்கப்பா சொன்ன சொல்ல நான் எங்க போயித் தேட? விடுளா கைய.”

பெரியப்பா தட்டைக் கீழே வைக்கவில்லை, எழுந்தும் வரவில்லை. அம்மா வெள்ளைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தானே போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். முடிந்ததும், சினை தங்கட்டும் என்று பெட்டையின் முதுகில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது வழக்கம். அதையும் அவர்களே ஊற்றினார்கள். கை கால் கழுவிவிட்டு முன்கட்டுக்கு வந்தபோது பாய்கள் மட்டும் கிடந்தன. சொல்லி அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் பெரியப்பாவிடம் மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் காயடிக்க வந்த ஆளை அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காசிச் சித்தப்பாவின் பெட்டை அந்தத் தடவை சினை நின்றது. நெற்றியில் வெள்ளையோடு பிறந்த குட்டியைக் காட்டுவதற்காக அவர் கொண்டுவந்தபோது அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வரன் அமையவில்லை. அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து நாசரேத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள், அம்மாவோடு பேசமாட்டாள். அம்மா எதிரே நின்று பரிமாறும்போதே, “குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு அம்மாட்ட சொல்லு” என்பாள் என்னிடம். நானும் சொல்வேன். அம்மாவும் கேட்டுக்கொண்டு என்னிடமே பதில் சொல்வார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சோறு இறங்காது.

பிறகு அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தது. அக்கா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவைக் குளிப்பாட்டியது, துணி மாற்றியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவள்தான். எனக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் அம்மா கரண்டியை ஒதுக்கிவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டார்கள்.

“அன்னைக்கு நான் செஞ்சது தப்புன்னு நீ வாயத் தொறந்து சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்.”

அக்கா கரண்டியை மறுபடியும் நீட்டினாள். அம்மா வாயைத் திறந்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா அதைக் கேட்கவில்லை. பதில் தெரியாமலே கண்ணை மூடினார்கள்.  அதை நினைத்தால் இன்றும் எனக்கு அக்கா மேல் கோபம் வருகிறது. அம்மா மேலும் வருகிறது.

அம்மாவின் நோய்க்காலத்தில் வேளை பார்க்காமல் வந்து ஊசி போட்ட கம்பவுண்டர் ஐயாவுக்கும், அடுப்புப் பற்றவைக்க விடாமல் எங்களுக்குச் சோறு கொடுத்த பக்கத்து வீட்டு மதினிக்கும் நன்றி. தினமும் வந்து மைனருக்குக் கொள்ளு வைத்த காசிச் சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர் இன்னொரு குட்டி வேண்டும் என்று அதே பெட்டையை அம்மாவின் கடைசி மாதங்களில் கொண்டுவந்திருந்தார். நிற்கவில்லை. மறுபடி கொண்டுவரும்படி அம்மா படுக்கையிலிருந்தே அவரிடம் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, இலை போட்டிருந்த நேரத்தில் அவரும் வந்தார். அந்தப் பெட்டைதான் அவருடைய வண்டியை இழுக்கிறது. வேறு எதில் வருவார்? வண்டி வாசலில் நின்றதும் பின்கட்டில் மைனர் அதே கனைப்புக் கனைத்தது; பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்திருந்தது.  காசிச் சித்தப்பா அன்று நின்ற அதே இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு, “நான் அதுக்கு வரலம்மா, துக்கத்துக்குத்தான் வந்தேன்” என்றார்.

அக்கா எழுந்துபோய் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தாள். வண்டியிலிருந்து பெட்டையை அவிழ்க்கச் சொன்னாள்.

“ஏளா, இன்னைக்கா? சனம் உக்காந்திருக்கு” என்றார்கள் பெரியப்பா.

“அன்னைக்கும் சனம் உக்காந்துதான் இருந்தது பெரியப்பா.”

பெரியப்பா இலையிலிருந்து எழுந்தார்கள். பிறகு தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்கள். அதற்காக அவர்களுக்கும் நன்றி. கொஞ்சம் பிந்திய நன்றி.

மைனர் அக்காவின் தோளை முகர்ந்துவிட்டு அடங்கி நின்றது. கயிற்றை அக்கா கடைசிவரை பெரியப்பாவிடம் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் வாளித் தண்ணீரைப் பெட்டையின் முதுகில் ஊற்றிவிட்டு, வாளியைக் கீழே வைத்து, அம்மா படுத்திருந்த அறையின் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

“முடிஞ்சிட்டும்மா.”

அந்த நிச்சயதாம்பூலத்துக்குப் பிறகு அக்கா அம்மாவிடம் நேராகப் பேசியது அப்போதுதான். கேட்பதற்கு அம்மா இல்லை.