தராசு அக்காவின் விரல்கள்

கயிற்றுக்கூடத்தில் அவளைத் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றாழை நாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, ராட்டையிலிருந்து பின்னோக்கி நடந்தபடி புரி விடுவாள். நார் கூடினாலும் குறைந்தாலும் விரல் சொல்லிவிடும். கண் அந்தப் பக்கமே போகாது. மூன்று புரி சேர்த்த அவள் கயிற்றில் மெலிந்த இடம் இராது. கிணறு தூர் வாருகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அவள் தம்பியும் தூர் வாருகிறவன்தான்.

சர்க்கரை நோய் முற்றியதில் அவள் விரல்கள் மரத்துப்போயின. வேறு வேலை தெரியாதவள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் ராட்டை சுற்றுகிறவள், "என்னக்கா, கயித்துக்குச் சாயம் போடுறியா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். நார் அறுத்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"பழைய புண்ணு. நீ சுத்துடி."

மறுநாள் அந்தக் கயிற்றை வாங்கத் தம்பியே வந்தான். நடந்ததை அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

"இது வேணாம்டா. பழைய கயித்துலயே இறங்கு."

"அது இத்துப்போச்சு. ஏன், தம்பிக்குப் புதுசு குடுக்க மனசு வரலையா?"

"நடுவுல எங்கயாவது மெலிஞ்சிருக்கும்டா."

"உன் கைக் கயிறா? சும்மா இருக்கா. கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன்."

சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். முதலாளி பக்கத்தில்தான் நின்றார். அவருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவள் அடுப்பருகே போய், டீ கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் மேல் விரல்களை அழுத்தி வைத்தாள். தோல் பொசுங்கிய வாசனை வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை.

"பாத்துக்கோ. இந்தக் கைதான் அதைத் திரிச்சுது."

முதலாளி சுருளைப் பிரித்து உருவிப் பார்த்தார். பாதியில் ஓரிடம் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அங்கேயே வெட்டிப் போட்டார்.

அவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. அவளை நிறுத்தாமல், கற்றாழை மடல் ஊறும் தொட்டிக்கு மாற்றினார். முள் குத்தினாலும் தெரியாத கைக்கு அந்த அழுகல் தண்ணீர் ஆகாது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு மணிக்கட்டோடு. சீழ் அதற்குள் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது தம்பி கேட்டிருக்கிறான்:

"அடுப்புல கையை வைக்கணுமாக்கா? வாயால சொன்னா போதாதா?"

"சொன்னேனே. நீ எங்கடா கேட்டே?"