டெம்போவை வழியனுப்புகிறவன்

எங்கள் பனியன் கம்பெனியில் ஒருவனுக்கு ஒரே வேலைதான். லோடு ஏற்றிக்கொண்டு டெம்போ கிளம்பும்போது டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். உடனே அவன் எழுந்து வண்டியோடு ஓடுவான். தெருமுனை வரை குரைத்துக்கொண்டே போய், வண்டி தாராபுரம் ரோட்டில் ஏறுகிற வரை நின்று பார்த்துவிட்டு, பெரிய காரியம் ஒன்றை முடித்துவிட்டவன் மாதிரி திரும்பி வருவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனாக எடுத்துக்கொண்ட பொறுப்பு.

அவன் நாய்தான். செவலை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். செக்கிங் பெண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அயர்னிங்கில் இருக்கும் வடக்கத்தி ஆட்கள் இந்தியில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் "டேய்" என்பேன். எதற்கும் அவன் வாலை ஆட்டுவான்.

நான் அங்கே கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் வீட்டிலும் சொல்கிறார்கள், கம்பெனியிலும் சொல்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு கூட்டம் ஒரே மாதிரி சொன்னால் அதை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.

விபத்து நடந்த அன்று வெட்டிய பண்டில்களை அவசரமாக வெளியே தைக்க அனுப்ப வேண்டியிருந்தது. வேப்ப மரத்தடியில் நின்ற டெம்போவைப் பின்னால் எடுத்து, லோடு ஏற்றுகிற திட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் பின்னால் நின்று, "வா, வா, இன்னும் வா" என்று கையை ஆட்டினேன். ஒரு கை ஆடியது, இன்னொரு கையில் செல்போன். கண் செல்போனில் இருந்தது. அவன் வழக்கம்போல வண்டியின் நிழலில் படுத்திருந்தான். அப்போது வந்த சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

டிரைவர் குதித்து இறங்கினார். நான் அவரை மொத்த கம்பெனிக்கும் கேட்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். "கண்ணு என்னப்பா பொடனியிலயா இருக்குது? பாத்து எடுக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கையை ஆட்டியது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு பார்வைக்காகவே இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

அதே டெம்போவில்தான் அவனை அவிநாசியில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். பின்னங்கால் ஒன்று, இடது பக்கம், தொடை வரை நசுங்கிப் போயிருந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். "பாவமுங்க மாஸ்டர், எதுக்கு அதைச் சிரமப்படுத்தோணும், ஊசி போட்டு அனுப்பிருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். "கால்தானுங்க போச்சு, உசுரு இருக்குதில்லீங்க" என்று நான் போனை வைத்துவிட்டேன். அது அன்பா, குற்ற உணர்ச்சியா, வெறும் வீம்பா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்றும் இருந்திருக்கும்.

டாக்டரம்மா காலை எடுத்துவிட்டார். அனுப்பும்போது தெளிவாகச் சொன்னார். "மூணு காலுல நல்லா இருக்கற நாய்ங்க நெறைய உண்டுங்க. ஆனா இவனுக்கு இன்னொரு பக்கத்து இடுப்பும் அடி வாங்கியிருக்குது. தையல் பிரிச்சு ஒரு மாசம் பாக்கலாம். தானா எந்திரிச்சு தானா நடந்துட்டான்னா பொழைச்சான். இல்லீன்னா படுத்தே கெடந்து புண்ணு வெச்சுரும். அப்ப அந்த ஊசியப் பத்தி மறுபடியும் பேசோணுமுங்க."

ஒரு மாதம். நான் காப்பாற்றினேனா, வதைக்கிறேனா என்பது அதற்குள் தெரிந்துவிடும். கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் போட்டேன்.

வயிற்றுக்குக் கீழே துணி கொடுத்து, இரண்டு நுனியையும் மேலே பிடித்து, பின்பக்கத்துக்குத் தாங்கலாக நடத்த வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். துணிக்கு எனக்கா பஞ்சம்? நல்ல ரிப் துணியில் அகலமாக ஒன்று வெட்டி, ஓரம் அடித்து, கைப்பிடி வைத்து, அழகாகச் செய்தேன். மாட்டித் தூக்கினேன். நான் கையை உயர்த்த உயர்த்தத் துணி நீண்டுகொண்டே போனது. அவன் பின்பக்கம் தரையிலேயே இருந்தது. இன்னும் உயர்த்தினேன். சட்டென்று மேலே வந்து, கீழே போய், மறுபடியும் மேலே வந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

செக்கிங்கில் ஒரு அம்மா உண்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எனக்குப் பயப்படாத ஒரே ஆள். "என்ன மாஸ்டர், நாய்க்கு ஊஞ்சலா கெட்டியிருக்கிய?" என்றார். எல்லா டேபிளிலும் சிரிப்பு. பனியன் கழுத்துக்குப் போடுகிற ரிப் இழுபடும் என்பது ஊருக்கே தெரியும். இழுபடாத துணி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இருபத்தாறு வருஷம் பனியன் துணியை மட்டும் தொட்ட கை. அந்த அம்மா தன் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்து டிபன் டப்பாவை வெளியே எடுத்தார். கெட்டி கேன்வாஸ் பை. அதைப் பிரித்து அவரே தைத்துக் கொடுத்தார். அவன் நின்றான்.

அவன் நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். எங்கள் ஊரில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் தையல் லைனுக்கு எதிரே ஒரு பலகை தொங்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், பக்கத்தில் எத்தனை முடிந்தது என்று ஒரு கணக்கு. அதைப் பார்த்துப் பார்த்தே புத்தி அப்படி ஆகிவிட்டது. துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினேன். பத்து மணிக்கு இருபது அடி, பதினொரு மணிக்கு முப்பது அடி, சாயங்காலத்துக்குள் கேட் வரை. தரையிலும் அடிக்கு அடி கோடு போட்டேன். மணிக்கொரு தடவை அவனை எழுப்பி நடத்தினேன். டார்கெட் முடியாவிட்டால் ஓவர்டைமும் பார்க்க வைத்தேன்.

நாலு நாள் அடி ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் நான் கேன்வாஸ் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனபோது அவன் உறுமினான். என்னைப் பார்த்து, முதல் தடவையாக. எழவே இல்லை.

மறுபடியும் அவனை அவிநாசிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா மிச்சமிருந்த பின்னங்காலைத் தொட்டுப் பார்த்தார். தொடை இறுகிப் போயிருந்தது, உள்ளங்கால் தேய்ந்து சிவந்திருந்தது. நான் சுவரில் எழுதியதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, இவனுக்கு எதாச்சும் ஷிப்மென்ட் இருக்குதுங்களா?" என்றார். அதோடு விடவில்லை. "ஒரு நாளைக்கு மூணு தடவை, தடவைக்கு அஞ்சே நிமிஷம். மத்த நேரம் படுத்திருக்கட்டும். அப்பத்தானுங்க சதை ஏறும்." கதவு வரை வந்து, டீக்கடை வர்க்கியும் பிஸ்கட்டும் போட்டு அவனைக் குண்டாக்க வேண்டாம், மூன்று காலுக்கு அந்தப் பாரம் ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வெட்கத்தோடு கம்பெனிக்கு வந்தேன். டேபிள் மேல் அன்றைக்கு வந்த துணியை ரோலிலிருந்து பிரித்துத் தளர விட்டிருந்தார்கள். ரோலில் இறுக்கிச் சுற்றி வருகிற துணியைப் பிரித்து ஒரு நாளாவது சும்மா போட்டு வைத்தால்தான் வெட்டலாம். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த பிறகு சுருங்கி மொத்த லாட்டும் வீணாகும். அதற்காக நான் முதலாளியிடமே சண்டை போட்டிருக்கிறேன். துணிக்குக் கொடுக்கிற ஒரு நாளை அவனுக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஈரத்துணியை எடுத்துச் சுவரில் இருந்த டார்கெட்டைத் துடைத்தேன். திருநெல்வேலி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. வழுக்குகிற டைல்ஸ் தரையில் பழைய ரப்பர் மிதியடிகளை வரிசையாகப் போட்டோம். காலையில் ஐந்து நிமிஷம், டீக்குப் பிறகு ஐந்து நிமிஷம், வேலை முடியும்போது ஐந்து நிமிஷம். நடுவில் நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்து லேசாகத் தள்ளுவேன், அவன் விழாமல் எதிர்த்து நிற்க வேண்டும். துணி ரோலுக்குள் இருக்கும் அட்டைக் குழாய்களைத் தரையில் ஒவ்வொன்றாகக் கிடத்தி, ஒவ்வொன்றையும் தாண்ட வைத்தேன். வர்க்கிக்குத் திருநெல்வேலி அம்மா தடை போட்டார். மீறி ஒளித்துப் போட்ட ஒருவருக்குக் கிடைத்த பேச்சு எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

பத்து நாளில் தொடையில் சதை கைக்குத் தட்டுப்பட்டது. பெல்ட்டில் என் கைக்கு வரும் கனம் நாளுக்கு நாள் குறைந்தது. சந்தோஷத்தில் அவன் தலையைப் பிடித்து ஆட்டினேன்.

இரண்டு விஷயம் மட்டும் மாறவில்லை. ஒன்று, டெம்போ. இன்ஜின் சத்தம் கேட்டால் அவன் இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடுவான். டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வண்டியை உள்ளே கொண்டுவரவே இல்லை. தெருவில் நிறுத்திவிட்டு, பண்டில் பண்டிலாகத் தோளில் சுமந்து ஏற்றினார். ஹாரனும் அடிப்பதில்லை. யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் அவர் என்னைத் தாண்டித்தான் சுமந்து போனார். நானும் தினமும் துணியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இரண்டாவது விஷயம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நான் பெல்ட்டைப் பிடித்திருந்தால் நடந்தான். விட்டால் உட்கார்ந்துகொண்டான். பெல்ட் தளர்ந்ததைக் கண்டுபிடித்து அந்த நொடியே உட்கார்ந்துவிடுவான். டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "மெதுவா நடக்கறதுதானுங்க மூணு காலுக்குக் கஷ்டம், வேகம் சுலபம். அவனுக்குப் போகோணும்னு தோணோணும்" என்றார். ஒரு மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும்? அவனுக்கு இருந்தது ஒரே வேலை. அதைத்தான் நான் பறித்துவிட்டேனே.

அன்று காலை டெம்போ போயிருக்கும் என்று நினைத்து அவனை வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்திருந்தேன். அது அப்போதுதான் தெருவில் லோடு ஏற்றி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்து நின்றது. டிரைவர் மறந்துபோய் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

மடங்கிய காது முதலில் நிமிர்ந்தது. நான் பயந்துபோய், மூத்திரம் விடப்போகிறான் என்று பெல்ட்டை இறுக்கினேன். அவன் நடுங்கினான். லாரி ஒதுங்கியது. டெம்போ நகர்ந்தது. அவன் ஒரு தடவை குரைத்தான். ஒரு மாதத்தில் நான் கேட்ட முதல் குரைப்பு. பெல்ட் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது.

முதல் நாலு எட்டு கோணல் மாணலாகப் போனான். கேட் தாண்டும்போது சரிந்து விழுந்தான். நான் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் தானாக எழுந்துவிட்டான். அப்புறம் அந்த ஒற்றைப் பின்னங்கால் உந்த, முன்னங்கால் இரண்டும் பாய, காது பறக்க, குரைத்துக்கொண்டே ஓடினான். ஓடினான் என்பதைத் திரும்பத் திரும்ப எழுத ஆசையாக இருக்கிறது. பின்னால் செக்கிங், அயர்னிங், தையல் லைன் எல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கத்தினார்கள். வடக்கத்தி ஆட்கள் விசில் அடித்தார்கள். திருநெல்வேலி அம்மா, "விடுங்க மாஸ்டர், பிடிக்காதிய, போவட்டும்!" என்று கூவினார். எனக்கு அழுகை வந்தது. துடைக்கவும் நேரமில்லை, ஓட வேண்டியிருந்தது.

தெருமுனையில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இரைத்தது, அவனுக்கு அவ்வளவு இல்லை. டிரைவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்தத் தடவை குனிந்துகொள்ளத் துணி எதுவும் இல்லை.

"அன்னைக்குப் பாக்காம வா வான்னு கையைக் காட்டுனது நானப்பா" என்றேன். "உன்னையப் பேசினது தப்பு. எல்லார்த்து முன்னாலயும் பேசினேன், எல்லார்த்து முன்னாலயுமே சொல்றேன் வா."

அவர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்குங்க மாஸ்டர். அவன் ஓடி வந்ததைப் பாத்தீங்கல்ல, போதுமுங்க."

நான் விடுவதாக இல்லை, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஆத்திரமாகக் குரைக்க ஆரம்பித்துவிட்டான். வண்டி நின்றது அவனுக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் அவன் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

டிரைவர் ஏறி, இரண்டு முறை ஹாரன் அடித்து, வண்டியைத் தாராபுரம் ரோட்டில் ஏற்றினார். அது கண்ணுக்கு மறைகிற வரை அவன் மூன்று காலில் நின்று பார்த்தான். பிறகு திரும்பி, எனக்கு முன்னால் கம்பெனியை நோக்கி நடந்தான். நான் கேன்வாஸ் பெல்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். நான் வருகிறேனா என்று அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.