தைலப் போத்தலுக்குள் ஒளித்த எண்ணெய்

போன செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டோர்செட் பார்க் பகுதியில், பதினோராம் மாடியில் தனியாக இருக்கிறாள். எனக்கு மூன்று வயது மூத்தவள். நான் போனபோது குசினியில் நின்று புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தாள்.

முழங்கைக்குக் கீழே, ஊதாவும் கறுப்புமாக, ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

எங்கே அடிபட்டாய் என்று கேட்டேன். அடிபடவில்லை என்றாள். பிறகு, பஸ் கம்பியில் இடித்திருக்கலாம் என்றாள். மற்றக் கையைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் ஒன்று. பல் விளக்கும்போது முரசில் இரத்தம் வருகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் வருகிறதுதான் என்று மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அக்காவுக்கு இருதயம் தாளம் தப்பி அடிக்கிற வருத்தம். இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்விடாமல் இருக்க வருஷக்கணக்காக ஒரு மாத்திரை எடுக்கிறாள்... வார்ஃபரின். அது குறைந்தால் இரத்தம் கட்டிபடும். கூடினால் வருகிற இரத்தம் நிற்காது. தலைக்குள்ளேயே கசிந்தாலும் கசியும். அதனால்தான் அவளுக்கு மாதா மாதம் இரத்தப் பரிசோதனை.

மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறாள். அப்படியென்றால் வேறென்ன?

ஒரு சாமான்மேல் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அதுதான் இந்தக் கிழமை எனக்குள்ள சங்கடம். அந்தச் சாமானை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் முழங்கால் அவளைப் படுத்தி எடுத்தது. மில்லிக்கனில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு பிளாசா. அதில் பேக்கரிக்கும் நகம் வெட்டுகிற சலூனுக்கும் நடுவில் ஒரு கஞ்சாக் கடை. இந்த நாட்டில் சட்டப்படி நடக்கிற கடைதான். இருந்தாலும் நான் காரைப் பேக்கரிக்கு முன்னால் நிறுத்தினேன். முதலில் உள்ளே போய் மீன் அடைத்த மாலு பணிஸ் வாங்கினேன். அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கதவைத் தள்ளினேன். யாராவது கண்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

கடையில் நின்ற பிள்ளை பொறுமையாக விளக்கினாள். அந்தச் செடியில் எத்தனையோ பொருள்கள் இருந்தாலும் கதையெல்லாம் இரண்டைப் பற்றித்தான். ஒன்று டிஎச்சி. தலைக்கு ஏறுவது அதுதான். சிரிப்பும் வரலாம், பயமும் வரலாம். நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், ஞாபகம் கொஞ்சம் கழன்று நிற்கும். மற்றது சிபிடி. அது வெறிக்காது. வலிக்கு, பதற்றத்துக்கு என்று சனம் வாங்குகிறது. எவ்வளவு உதவும் என்பதற்கு இன்னும் உறுதியான பதில் இல்லை என்றும் அவளே சொன்னாள்.

நான் மனதுக்குள் உடனே பெயர் வைத்துவிட்டேன். ஒரு வீட்டின் இரண்டு பெடியன்கள். மூத்தவன் குழப்படி. இளையவன் சத்தம் சந்தடி இல்லாத நல்ல பிள்ளை.

வேறு மருந்து ஏதாவது எடுக்கிறவரா, எடுத்தால் முதலில் டொக்டரிடமோ பார்மசியிலோ கேட்க வேண்டும் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். ஓம் ஓம் என்று இரண்டு தரம் தலையாட்டினேன். அக்காவுக்கு இளையவனை ஒரு சின்னப் போத்தல் எண்ணெயாக வாங்கினேன். எனக்கும் ஒன்று வாங்கினேன்... அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா முதலில் கையை எடுத்துக்கொண்டாள். கஞ்சாவா, வேண்டாம் என்றாள். நானல்லவா நின்று பிரசங்கம் செய்தவள்! வெறிக்காது அக்கா, வெறிக்காத சாமான் என்ன செய்யப் போகிறது என்று நானே சொன்னேன்.

இப்போது குசினியில் நின்று, அந்த எண்ணெய் எங்கே என்று கேட்டேன். அலுமாரியைத் திறந்து ஒரு யூக்கலிப்டஸ் தைலப் போத்தலை எடுத்து வைத்தாள்.

உள்ளே தைலம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் படிக்கிற பெண்கள் அக்கா வீட்டுக்கு வந்து போவார்கள். இலைப் படம் போட்ட போத்தலை அவர்கள் கண்டால்? லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு உரஞ்சிப் பார்த்திருக்கிறாள். போகவில்லை. எண்ணெயைத் தைலப் போத்தலுக்கு மாற்றிவிட்டு, உண்மையான போத்தலைக் குப்பையில் போட்டுவிட்டாள். துளி துளியாக அளக்கிற குழாயும் அதோடு போய்விட்டது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்த லேபிளும் போய்விட்டது.

பிறகு எப்படி அளக்கிறாய்?

தேக்கரண்டியால். காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன். கசாயம் குடிக்கிற கணக்கு! போத்தல் முடிய முடிய, பேத்தி முறையான ஒரு பிள்ளையைக் கொண்டு புதுப் போத்தல் வாங்குவித்திருக்கிறாள்.

எங்கள் சனத்துக்கு உலகத்தில் இரண்டே வகை மருந்துதான். டொக்டர் எழுதித் தருவது மருந்து. மற்றதெல்லாம் 'சாமான்'. ஊரிலிருந்து வந்த தூள், கொழும்பிலிருந்து வந்த லேகியம், பக்கத்து வீட்டு அன்ரி தந்த குளிசை... இதையெல்லாம் டொக்டர் கேட்டாலும் சொல்வதில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைப்பதும் இல்லை. அவர் மருந்தைப் பற்றித்தானே கேட்டார்?

போன மாத இரத்தப் பரிசோதனையில், இரத்தம் கட்டிபட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற எண் கூடியிருந்ததாம். டொக்டர் போன் எடுத்து, புதிதாக ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். கீரை குறைந்தால் மாத்திரையின் வேகம் கூடுமாம்; கீரை சாப்பிடுவதைக் குறைத்தீர்களா? ஓம், விரதம் என்றிருக்கிறாள். பாவம், முருகன் தலையில் பழி. அவரும் அதை நம்பி மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். இவள் தேக்கரண்டியைக் குறைக்கவில்லை.

நான் அங்கேயே நின்று கிளினிக்குக்குப் போன் போட்டேன். மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்று கதிரையில் இருந்துவிட்டாள். எங்கள் டொக்டர் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவருடைய தாய்தான் வெள்ளிக்கிழமைகளில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் படிக்கிறவர்.

டொக்டர்மார் வெளியே சொல்லக்கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்றேன்.

"சட்டம் கிளினிக்குக்குத்தான். கோயிலுக்கில்லை" என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் பயம்தான், என் வாயில் அது கோபமாகத்தான் வரும். அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு கதவடியில் போய் நின்றேன்.

"மானம் போனால் நான் திருப்பி எடுத்துத் தருவன். நீ போனால் நான் எங்கை போய் எடுக்கிறது? எழும்பு."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து கோட்டுக்குள் கையை விட்டாள். தைலப் போத்தலை அவளுடைய ஹாண்ட்பாக்கில் நான்தான் வைத்தேன்.

டொக்டரின் அறைக்குள் போனதும் முழங்காலைப் பற்றிச் சொன்னாள். மூக்கு வடிகிற தடிமனைப் பற்றிச் சொன்னாள். லிஃப்ட் பழுதானதைப் பற்றிக்கூடச் சொன்னாள். அவர் கன்றலைப் பார்த்து முகம் மாறி, உடனே விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார். எண் இன்னும் ஏறியிருந்தது. புதிதாக எதுவுமே இல்லையா என்று மறுபடி கேட்டார். அக்கா போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தம்பி... இது தைலமில்லை."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. மூடியைத் திறந்து மணந்தார். எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்டு எல்லாவற்றையும் ரைப் பண்ணினார். பிறகு சொன்னார்: "வெறிக்காது எண்டதுக்காக உடம்பிலை ஒண்டும் செய்யாது எண்டில்லை அன்ரி. இது உங்கடை லிவரிலை வேலை செய்யுது."

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். வார்ஃபரினைக் கரைத்து வெளியே அனுப்புவது ஈரல். சிபிடியும் அதே வழியால்தான் போகிறது. எங்கள் பிளாசாவில் வெளியேற ஒரே ஒரு வாசல்தான். அதில் ஒருவர் காரை நிறுத்திவிட்டால் பின்னால் எல்லாம் தேங்கும். அப்படித்தான். அக்கா எடுத்த மாத்திரை போக வழியில்லாமல் இரத்தத்திலேயே தேங்கி நின்றிருக்கிறது. மூத்தவனையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நல்ல பிள்ளை செய்த வேலை இது.

எண்ணெயை நிறுத்தச் சொன்னார். மாத்திரையை இரண்டு நாள் எடுக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை திரும்ப வந்து பரிசோதித்த பிறகு எவ்வளவு என்று தானே சொல்வதாகச் சொன்னார். தலையிடி வந்தாலோ, விழுந்து தலை அடிபட்டாலோ தன்னைத் தேட வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும் என்றார்.

அக்கா எழும்பி நின்று, தாயிடம் சொல்லாதே தம்பி என்று கேட்டாள். "இந்த அறையிலை கதைச்சது இந்த அறையோடை சரி அன்ரி" என்றார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதம் ஒளித்த சீவன்!

நான் வெற்றி வீராங்கனை போலக் கதவுப் பிடியில் கையை வைத்தேன்.

"சின்ன அன்ரி, நீங்கள்? புதுசா ஒண்டும் எடுக்கேல்லைத்தானே?"

நானும் அவரிடம்தான் மருந்து எடுக்கிறேன்... பிரஷருக்கு. இல்லை என்று சொல்ல வாய் திறந்தும்விட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை.

அன்று கடையில் எனக்கு வாங்கியது மூத்தவனை. நித்திரைக்கென்று ஜெலி இனிப்பு மாதிரி ஒன்று, படுக்க முன் பாதி. அது டிஎச்சி. நித்திரை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் காலையில் தலைக்குள் பனிமூட்டம். போன மாதம் கட்டிலால் எழும்பியபோது அறை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடித்தது காணாது என்று எனக்கே ஒரு கதை சொன்னேன். அப்படியே காரையும் எடுத்துக்கொண்டு மிசிசாகாவுக்குப் போய் வந்தேன். பிரஷர் மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் எழும்பும்போது பிரஷர் விழலாம், இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு உடையும் என்றார் டொக்டர். காலையில் தலை தெளியாமல் கார் ஓட்டியதைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெட்டி இப்போது என் வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை அக்காவின் எண் இறங்கியிருந்தது. கன்றல் மஞ்சளாகி வருகிறது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; அதற்கு வேறு வழி பார்க்கிறார்கள். இரண்டு பேருமாக இருந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். மாத்திரை, தைலம், தூள், லேகியம், ஒன்றும் விடவில்லை. நீங்களும் இன்றைக்கே எழுதுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். தாளைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வையுங்கள். வெட்கம் வந்தால் வரட்டும், அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். புட்டு அவிகிற வரைக்கும் யோசித்தாள்.

"எழுது. நாலு சனம் தப்பட்டும். ஆனால் என்ரை பேரைப் போடாதை. உன்ரையைப் போடு."

போட்டிருக்கிறேன். படத்தோடு.