ரிலீவர் வரும் வரை

கணவர் போன பிறகு எல்லாரும் என்னிடம் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். எனக்கு அதுவே சந்தேகம். இத்தனை வருஷம் ஒரு கொத்து கறிவேப்பிலைக்குக் கணக்குப் பார்த்த காய்கறிக்காரர் கொத்தமல்லியையும் சேர்த்துப் பையில் திணிக்கிறார். அடுத்த குவார்ட்டர்ஸ் அம்மா தினமும் குழம்பு கொண்டுவருகிறார். கிண்ணத்தை வாங்கும்போதே, இவர்களுக்கு என்ன தெரியும், எதை என்னிடம் மறைக்கிறார்கள் என்றுதான் மனசு ஓடும்.

அப்படி இருக்கையில், அவரோடு நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்த ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணி, அண்ணன் நெனப்பா ராமேஸ்வரம் வரைக்கும் சைக்கிள்ல போறோம். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இருதயப் பரிசோதனை முகாம் நடத்த நிதி திரட்டுறோம். நீங்கதான் கொடியசைச்சு அனுப்பி வைக்கணும்."

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர், கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள், ரிலீவர் என்பார்கள், அவர் வந்து நிற்க வேண்டும். எந்த பெல்ட் எப்படி ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். அன்று அவருக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிறது. அவர் மாரடைப்பில் விழுந்ததோ மூன்றுக்கு மேலே. கேட்டால், "ஓவர்டைம் பாத்தாருங்க" என்றார்கள் ஆஸ்பத்திரியில். யாருக்குக் காது குத்துகிறார்கள்? சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்து வைத்திருந்த மனுஷன் ஓவர்டைம் பார்ப்பாரா? மறுபடி கேட்டபோது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

"கொடியெல்லாம் வேணாம். நானும் வரேன்" என்றேன்.

மகள் போனில் கத்தினாள். கத்தட்டும். குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கும் மார்க்கெட்டுக்குமாக ஆயுசு முழுக்க சைக்கிள் மிதித்த கால் இது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் புண்ணியத்துக்குப் போகவில்லை. சாலையில் சேர்ந்து கிடந்தால் எவராவது வாயை விடுவார் என்று போனேன். அவர் போனதிலிருந்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் நான் எதை நினைத்து அழுவேன்?

வடலூர் தாண்டியதுமே கவனித்துவிட்டேன். எனக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் போனால் இன்னொருவர் பின்தங்கி அந்த இடத்துக்கு வருவார். மாறும்போது ஏதோ முணுமுணுப்பு. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்துக் காதைக் கொடுத்தேன்.

"எப்பிடி ஓடுது?"

"நார்மல்தான். சத்தம் ஏதும் இல்ல. ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் ஸ்லோ."

அடப்பாவிகளா! பெல்ட்டை ஒப்படைப்பதுபோல என்னை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஷிப்ட் போட்டு எனக்குக் காவல். சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு, இது அக்கறையா, நான் எதையாவது தோண்டிவிடுவேன் என்ற பயமா என்று யோசித்தேன். ஏனென்றால் அந்தச் செருப்பைப் பார்த்த ஆள் மட்டும் தன் முறை முடிந்தும் நகரவில்லை. மாற்ற வந்தவரையும் கையசைத்து அனுப்பிவிட்டு என் பின்னாலேயே வந்தார்.

அணைக்கரைக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் இறங்கினேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவரும் இறங்கினார்.

"தம்பி, அன்னிக்கு அவருக்கு ரிலீவர் யாரு?"

அவர் ஸ்டாண்டு போட்ட சைக்கிள் சாய்ந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"நான்தாங்க அண்ணி."

"ஏன் லேட்டு?"

பிள்ளைக்குக் காய்ச்சல், வழியில் பஞ்சர் என்று எதையாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"தூங்கிட்டேங்க. வூட்ல சாப்ட்டு சும்மாதான் படுத்தேன். அப்டியே தூங்கிட்டேன். உங்ககிட்ட சொல்ல தைரியம் வரலீங்க. எனக்காகத்தான் இவங்களும் ஓவர்டைம்னு சொன்னாங்க."

பளாரென்று அறைய எனக்குக் கை வந்தது. ஒரு தூக்கம்! சோறு தின்ற மயக்கத்தில் ஒரு தூக்கம்! "நெஞ்ச புடிச்சிக்கிட்டு உனக்காகத்தானே அந்த மனுஷன் உக்காந்திருந்தாரு!" என்று கத்தினேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க அண்ணி. சத்தியமா தெரியாது. நான் ஓடியாந்தப்ப வேர்த்துக்கினு இருந்தாரு. ஏண்ணேன்னு கேட்டேன். வெக்கைடான்னாரு. லேட்டா வந்ததுக்கு ஒரு திட்டுகூட இல்ல. மூணாம் பெல்ட்டு ஒரு பக்கமா ஒதுங்குது, ஒரு கண்ணு வச்சிக்க, மோட்டாரு சூடாவுது, விட்டுறாதன்னு ஒண்ணு விடாம சொன்னாரு. எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டுதான் எழுந்தாரு. கதவாண்ட போயி விழுந்துட்டாரு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலீங்க. போன் கையிலதான் இருந்துச்சு. யாரையாச்சும் கூப்ட்டிருந்தா ஓடியாந்திருப்பாங்க."

சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரியாதா? அனலாகக் காய்ச்சல் அடிக்கும்போதும் "ஒண்ணுமில்ல போ" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள்தானே. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். குழம்பு கொண்டுவந்த புண்ணியவதியைக்கூட விடவில்லை. வலியை மறைத்த என் மனுஷனை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

அந்தத் தம்பியை மன்னித்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது அவர் என் கண்ணிலேயே படவில்லை. என் கோபமெல்லாம் செத்துப்போன மனுஷன் மேல் திரும்பியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, அவரிடமே சண்டை போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன்: "பெல்ட்டு ஒதுங்குதுன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, வலிக்குதுன்னு சொல்லத் தெரியலையா?"