வெள்ளோட்டத்தில் சாமி இல்லை

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுப்பது ஒரு தொழில். கொடுத்த நெட் ஏன் வரவில்லை என்று பதில் சொல்வது இன்னொரு தொழில். கொடைக்கானலில் நாங்கள் இரண்டையும் செய்கிறோம். கம்பம் ஏறுவது என் வீட்டுக்காரர், வீட்டுக்குள் போய் ரூட்டர் மாட்டுவது நான். ரூட்டரின் சிவப்பு விளக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் விளக்கை முறைத்தீர்கள், ஊரே என்னை முறைக்கிறது.

இந்த மழைக்காலத்தில் புதுத் தலைவலி ஒன்று வந்தது. பாதிப் பேருக்கு நாங்கள் மாட்டிக் கொடுத்திருந்த ரூட்டரில் வீடியோ கால் நடுவிலேயே உறைந்து நின்றது. கம்பெனியைக் கேட்டால், உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரில் கோளாறு என்றார்கள். ஃபர்ம்வேர் என்றால் ரூட்டரின் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய மூளை வரத் தாமதமாகுமாம். அதுவரை பீட்டா இருக்கிறதாம், வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாமாம். பீட்டா என்றால் இன்னும் சோதித்து முடிக்காதது. வெந்துவிட்டதா என்று நாமே தின்று பார்த்துச் சொல்ல வேண்டிய இட்லி. போடும்போது ஏதாவது ஆகி ரூட்டரே செத்துப்போனால் கம்பெனி பொறுப்பில்லை.

பேட்டா

வில்பட்டியில் கேரட் போடும் செல்வராசு அண்ணன் வீட்டில்தான் இந்தப் பேச்சை முதலில் எடுத்தேன். மதுரையிலிருந்து மகன் பேசினால் வாய் கோணியபடியே முகம் நின்றுவிடுகிறது என்பது அவர் புகார். "அண்ணே, பீட்டா போட்டாச் சரியாகலாம். ஆனா அதுல ரிஸ்க் இருக்கு. ஒங்க இஷ்டந்தான்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சாக்குப் பையோடு வந்தார். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா, பேட்டாக் காசெல்லாம் ஒங்க கம்பெனிக்காரன்ல தரணும்? வேணும்னா இந்தக் கேரட்டக் கொண்டுட்டுப் போங்க."

தாலி கட்டுகிற நேரம்

பள்ளங்கிச் சரிவில் தெய்வானையக்கா வீடு. அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. நாங்கள் இழுத்துவிட்ட வயர் ஒன்றுதான் வெளியுலகம். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு இங்கே வந்து சேர்ந்தவர். தங்கை மட்டும் சித்தியோடு அங்கேயே தங்கிவிட்டாள். அதன்பிறகு அக்காளும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இப்போது அந்தத் தங்கை மகளுக்குக் கல்யாணம். பாஸ்போர்ட்டுக்கு நடையாய் நடந்தும் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. வீடியோ காலில் பார்ப்பதுதான் ஒரே வழி. அதுவோ உறைந்து உறைந்து நிற்கிறது.

பீட்டாவைப் பற்றி விளக்கினேன். போட்டால் கால் நிற்காமல் ஓடலாம், இல்லை ரூட்டரே போய்விடலாம். போடாவிட்டால் இப்படியேதான் இருக்கும். அக்கா பூண்டை உரித்தபடியே கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"சும்மா கதைச்சிக்கிட்டு இருக்கப்ப நின்னா நின்னுட்டுப் போவுது. தாலி கட்டுறப்ப நிக்கக்கூடாது புள்ள. மத்தத நீயே பாத்துச் செய்யி."

கரண்ட்

'நீயே பார்த்துச் செய்' என்பதைவிட பயங்கரமான வார்த்தை எங்கள் தொழிலில் இல்லை. சரி, போட்டே கொடுத்துவிடலாம் என்று நான் துணிந்திருந்தபோது ஹோம்ஸ்டே நடத்தும் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். அங்கே தங்கி ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அவனாகவே பீட்டாவைப் போட ஆரம்பித்திருக்கிறான். பாதியில் கரண்ட் போய்விட்டது. நான் போனபோது ரூட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. பையன் முகத்திலும்தான். அன்றைக்கு அவனுக்கு முக்கியமான மீட்டிங். என்னிடம் மிச்சமிருந்த ஒரே மாற்று ரூட்டரை மாட்டிக் கொடுத்தேன். "எல்லா ரிஸ்க்கும் படிச்சிட்டுத்தான்க்கா போட்டேன்" என்று பாவமாகச் சொன்னான். ஸ்டெல்லா அக்கா அவன் கையில் காபியைக் கொடுத்துவிட்டு, குத்தல் துளியும் இல்லாமல் கேட்டார்:

"கொடையில கரண்ட் போகும்னு அதுல போடலையா தம்பி?"

வெறுந்தேர்

என் வீட்டுக்காரர் பழனிக்காரர். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம். பள்ளங்கிக்குக் கிளம்ப நான் லேப்டாப்பை எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல புதுத்தேர் செஞ்சா மொதல்ல வெள்ளோட்டம் விடுவோம். வெறுந்தேரத்தான் இழுப்போம், சாமிய ஏத்த மாட்டோம். நீ என்னடான்னா எடுத்த எடுப்புல அந்தக்கா வீட்டுக் கல்யாணத்த ஏத்தப் போற" என்றார். கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற கோபம்தான்.

எங்கள் வீட்டிலும் அதே ரூட்டர். அதில் பீட்டாவைப் போட்டேன். கன்னிவாடியில் இருக்கும் என் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு, பேச விஷயம் தீர்ந்த பிறகும் பேசினேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. நாலைந்து நாள் இப்படியே கழுத்தறுத்தேன். ஆனால் பீட்டா வந்ததிலிருந்து எங்கள் டிவி மட்டும் நெட்டோடு ஒட்டவே மாட்டேன் என்றது. அதில் ஒருநாள் மேட்ச். ரிமோட்டை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் கீழே வைத்தார்.

"வெறுந்தேர்னுதான் நானும் நெனச்சேன். அதுல எங் கிரிக்கெட்டு உக்காந்திருந்தது இப்பல்ல தெரியுது."

முகூர்த்தம்

தெய்வானையக்கா வீட்டு டிவி கூரைமேல் இருக்கும் டிஷ்ஷில் ஓடுவது. ஆகவே எங்கள் வீட்டில் வந்த கோளாறு அவருக்குக் கோளாறே இல்லை. சோதித்துப் பார்த்த எங்கள் ரூட்டரையே கழற்றிக்கொண்டு போய் அவர் வீட்டில் மாட்டினேன். அவருடைய பழையதைத் தொடவில்லை. இது சண்டித்தனம் செய்தால் மாற்றிவிடலாம் என்று பக்கத்திலேயே வைத்தேன். கரண்ட் போனாலும் ஓட ஒரு பேட்டரிப் பெட்டியும் வைத்தேன்.

கல்யாணத்தன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, சீனி டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். எதிர்பார்த்தபடியே கரண்ட் போனது, பேட்டரி பிடித்துக்கொண்டது. எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள், நான் பச்சை விளக்கைப் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, அங்கே போனைப் பிடித்திருந்த மணப்பெண்ணின் அம்மா, அதாவது அக்காவின் தங்கை, உடைந்து அழுதுவிட்டாள். போன் மேலே திரும்பிக்கொண்டது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பந்தலின் கூரையும் ஒரு டியூப்லைட்டும்தான். கொஞ்சமும் தடங்கல் இல்லாமல், பளிச்சென்று தெரிந்தது. போன் மறுபடி திரும்பும்போது தாலி கட்டி முடிந்திருந்தது.

இத்தனை பாடுபட்டும் இப்படியா ஆகவேண்டும்? "அக்கா, நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு..." என்று இழுத்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"தெரியும் புள்ள. அவ அழுதது கேட்டுச்சுல்ல. சின்னதுல என்னைய விட்டுப் பிரியிறப்ப அழுத அதே சத்தம். ஒரு எடத்துலயும் நிக்கல."

பீட்டா போடலாமா என்று இப்போது யார் கேட்டாலும், தேர் ஓடுமா என்பதை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துச் சொல்கிறேன், போனைப் பிடிக்கிற கை நடுங்குமா என்பதை எந்தக் கம்பெனியாலும் சோதித்துத் தர முடியாது என்பதுதான் என் பதில்.