மருந்து போட்ட வண்டி

எங்கள் ஊரில் நெஸ்டர் வோல்சுக்கின் டிரெய்லரைப் பார்க்காதவர் கிடையாது. லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. ஊர் சுற்றுவதற்கென்று வாங்கியது. அது ஊர் சுற்றி யாரும் பார்த்ததில்லை, ஊர்தான் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நான் எதிர்வீட்டுக்காரி. என் முன்னறைதான் முடி வெட்டும் கடை. நாற்காலியில் உட்காருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அலுத்துப்போனால் ஜன்னல் வழியாக அந்த டிரெய்லரைப் பார்ப்பார்கள். நெஸ்டரின் கால்கள் அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

நெஸ்டர் பணியில் இருந்த காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி போன காலையிலும் அவருடைய பேருந்து மட்டும் ஒரே திருப்பில் கிளம்பும். அந்தப் பெருமையோடு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அன்றே டிரெய்லரை வாங்கி, மனைவி வெர்னாவிடம் சொன்னார்: "உன்ன கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்." வெர்னா கடலைப் பார்த்ததே கிடையாது. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்தக் கோதுமைச் சமவெளியிலேதான். அவளுடைய தங்கை மேற்குக் கரையில் இருந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடற்கரைப் படம் போட்ட அட்டை அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள்.

வாங்கிய முதல் குளிர்காலத்தில்தான் எல்லாம் கெட்டது. தண்ணீர்க் குழாய்களில் சொட்டு ஈரம் மிச்சமிருந்தாலும் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். நெஸ்டருக்கு இது தெரியாததல்ல. தொட்டியைக் காலி செய்தார், காற்றடித்துக் குழாய்களை ஊதினார், உறையாத ரோஸ் கலர் மருந்தை உள்ளே இறைத்து ஒவ்வொரு குழாயிலும் ரோஸாக வரும்வரை திறந்து விட்டார். ஆனால் வெளிச் சுவரில் ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால், சேற்றுக் கால் கழுவ ஒரு குளிப்புக் குழாய் இருக்கும். அதை மறந்துவிட்டார். எல்லாரும் முதல் வருஷம் அதைத்தான் மறப்பார்கள். மே மாதம் தண்ணீரைத் திறந்தார், சுவருக்குள் மழை பெய்தது. தரை ஊறி, பெரோகிக் கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு மாதிரி உப்பிக்கொண்டது.

காப்பிக் கடையில் தினமும் காலையில் உட்காருகிற ஆண்கள் கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. அவர்களுக்கு அன்று திருவிழா.

"யோவ் நெஸ்டர், கடலுக்குப் போகப்போறேன்னு சொன்னே, கடலை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியே!"

"வெர்னாவுக்கு நீச்சல் தெரியுமாய்யா?"

ஒரு வருஷம் முழுக்க இதே பாட்டு. மனுஷன் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடிப்பார். அதன் பிறகு நெஸ்டர் வாழ்ந்தது உறைபனிக்கு எதிராக மட்டும்தான்.

அவருடைய வருஷத்தைக் கேளுங்கள். மே கடைசி வரை பனி வரலாம், வண்டியைத் தொடக் கூடாது. ஜூனில் மருந்தைக் கழுவி எடுக்க வேண்டும், வாய் வைத்தால் இன்னும் ருசி தெரிகிறது, மறுபடி கழுவ வேண்டும். ஜூலையில் கொசு. ஆகஸ்டில் ராத்திரிக் காற்று ஒரு மாதிரி இருக்கிறது. செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறைக்கு, ஊரே ஏரிக்கரையில் மாமிசம் சுட்டுக்கொண்டிருக்கும்போது, நெஸ்டர் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். வெர்னா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டிருப்பாள். "இந்தப் பக்கம் காட்டு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." மருந்து போட்டாகிவிட்டது என்றால் அப்புறம் மே வரை வண்டி அசையக் கூடாது. அது அவருடைய சட்டம்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய பெயர் பரவிவிட்டது. குளிருக்குப் பயந்து தெற்கே அரிசோனா வெயிலுக்கு ஓடுகிறவர்கள், இங்கே விட்டுப்போகும் இரண்டாவது வண்டிக்கும் படகுக்கும் நெஸ்டரிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜனவரியில் அங்கிருந்து போன் வரும். "நெஸ்டர், நான் அடித் திருகைத் திறந்து விட்டேனா இல்லையா, கொஞ்சம் பாத்துச் சொல்றியா?" இவர் முழங்கால் பனியில் நடந்து போய்ப் பார்த்துச் சொல்வார். அடுத்தவன் ஊர் சுற்றப் போவதற்கு இவர் காவல். இதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

போன வருஷம் செப்டம்பர் பாதிக்கு மேலாகியும் வெயில் போகவில்லை. வெர்னா என் நாற்காலியில் உட்கார்ந்து, "கோரின், இந்தத் தடவ நல்லா ஒட்ட வெட்டிடு. காத்து அடிக்கிற இடத்துக்குப் போறேன்" என்றாள்.

"நெஸ்டர் ஒத்துக்கிட்டாரா?"

"கேட்டேன். 'மருந்து போட்டாச்சே வெர்னா'ன்னாரு. அடுத்த வருஷமாம். எனக்கு முட்டி மடங்கலடி. இன்னும் எத்தன அடுத்த வருஷம் இருக்கு எங்கிட்ட?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீ வர்றியா?" கடையைப் பூட்டினேன். என்னையும் ஒருத்தன் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனான்.

மறுநாள் அவளே மருந்தைக் கழுவி எடுத்தாள். இத்தனை வருஷம் டார்ச் பிடித்தவளுக்கு எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று தெரியாதா? அறுவடைக்கு அண்ணன் பண்ணையில் தானிய லாரி ஓட்டுகிறவள், டிரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் மாட்டினாள். நிலவறையில் நெஸ்டர் சேர்த்து வைத்திருந்த மருந்துக் குடுவைகளில் இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நெஸ்டர் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னார். டயரில் காற்று போதாது. மலையில் பனி பிடிக்கும். பொம்பளைகள் இரண்டு பேர்.

"அப்ப நீயும் ஏறு" என்றாள் வெர்னா.

"மருந்த எடுத்த வண்டில நான் ஏற மாட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துடுவே, பாக்குறேன்."

"முட்டைக்கோஸ் சுருள் குளிர்பெட்டில இருக்கு. சுட வச்சுச் சாப்பிடு."

கடலுக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் டிரெய்லர்கள் தங்கும் முகாமில் நின்றபோது, அவர் சொன்னபடியே பனி வந்தது. அன்று மாலையே ராத்திரி கடுமையாக உறையும் என்று வானொலி சொல்லிவிட்டது. நெஸ்டரிடமிருந்து போன். வெர்னா வண்டிக்கு அடியில் கிடந்தாள், நான் டார்ச் பிடித்துக்கொண்டு, போனையும் அவள் காதோரம் வைத்தேன்.

"வெர்னா, மொதல்ல வெந்நீர்த் தொட்டிக்குப் போற வழிய அடைக்கணும், இல்லன்னா மருந்து பூரா அதுக்குள்ளயே..."

"அடைச்சாச்சு."

"கழிவுக் குழாய் வளைவுல ஒரு கப்பு..."

"ஊத்தியாச்சு."

"வெளிக் குளிப்புக் குழாய்!" அலறினார் மனுஷன்.

"அதத்தான் மொதல்ல முடிச்சேன். வச்சிடு, கை விறைக்குது."

அவர் போனை வைத்தார். எனக்குக்கூட அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் அது நீடிக்க அவர் விடவில்லை. மறுநாள் காப்பிக் கடையில் போய், பெண்கள் இருவரும் குழாயைப் பிளந்துகொண்டு மலையில் நிற்பார்கள் என்று விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தாராம். அந்த நேரத்தில் எங்கள் ஊரிலும் ராத்திரி உறைந்த பனி, காலை வெயிலில் இளகிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டின் பக்கச் சுவரில் தோட்டக் குழாய் ஒன்று உண்டு. அதில் மாட்டிய ரப்பர் குழாயைக் கழற்றி, நிலவறைக்குள் இருக்கும் திருகை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பழைய வீடு. வருஷா வருஷம் இதைச் செய்தது வெர்னா, அவர் டிரெய்லருக்கு அடியில் கிடக்கும் அதே வாரத்தில். அவர் கவனித்ததே இல்லை. இந்த வருஷம் ரப்பர் குழாய் மாட்டியபடியே இருந்தது, உள்ளே நின்ற தண்ணீர் ராத்திரி உறைந்து குழாயைப் பிளந்துவிட்டது.

காப்பி முடித்து அவர் வீட்டுக்கு வந்தபோது நிலவறையில் முட்டளவு தண்ணீர். அவர் சேர்த்து வைத்திருந்த ரோஸ் மருந்துக் குடுவைகள் எல்லாம் அதில் வாத்துக் குஞ்சுகளாக மிதந்துகொண்டிருந்தன. உறையாமல் காக்கிற மருந்து ஒரு கடைக்குப் போதுமான அளவு!

அதை எங்களிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. போன் வந்தபோது நாங்கள் மலையைத் தாண்டி, கரையில் இருந்தோம். வெர்னாவின் தங்கை வீட்டுக்குப் பக்கத்து முகாம், பத்தடி தள்ளிக் கடல். வெர்னா வந்து சேர்ந்ததிலிருந்து நாற்காலியைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அது சாம்பல் நிறத்தில், நாங்கள் நினைத்ததைவிட அசிங்கமாக, நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"வெர்னா, தோட்டக் குழாய யாரு மூடுவா?"

"நான்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. அது தானா மூடிக்கும்னு நெனச்சியா?"

அவர் முனகினார். அப்புறம், குரலை இறக்கி: "சரி. எப்ப வர்றே?"

வெர்னா கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எப்படி வர்றது நெஸ்டர்? வண்டிக்கு மருந்து போட்டாச்சே. மலையத் தாண்டினதோட சரி, இனி மே வரைக்கும் அசைக்கக் கூடாது. குளிக்க, வெளிக்குப் போக முகாம்ல இடம் இருக்கு. தண்ணிய வாளில கொண்டு வந்துக்கறோம்."



நிலவறையைக் காய வைத்துவிட்டு அவர் பேருந்தில் வந்து இறங்கினார். ஓட்டுநருக்குக் கியர் மாற்றத் தெரியவில்லை என்று வழி முழுக்கப் புலம்பியிருப்பார், இறங்கும்போதும் அதைத்தான் சொன்னார். வெர்னாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே டிரெய்லரிடம் போனார். வெளிச் சுவரின் சின்னக் கதவைத் திறந்து குழாயைத் திருகிப் பார்த்தார். ரோஸாக ஒரு சொட்டு வந்தது. அடியில் படுத்து ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தார். குளிர்பெட்டிக் கதவு திறந்து வைத்திருக்கிறதா, பேட்டரி கழற்றியிருக்கிறதா, எலி போகும் ஓட்டையில் இரும்பு நார் அடைத்திருக்கிறதா. எல்லாம் இருந்தது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். வெர்னா இன்னொரு நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால் கடல் பக்கம் திரும்பினார்.