நானூற்றுப் பதினான்கு ஜாடி, ஐந்நூற்றாறு கோப்பை

போன வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் நின்றிருந்தேன். ஜைத்தூன் பீவியின் தம்பி சைக்கிளை நிறுத்தி, "அக்கா மவுத்தாயிட்டாங்க சார்" என்று மரணச் செய்தியைச் சொன்னார். கையிலிருந்த டீயைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் தோன்றவில்லை.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் தொழிற்சாலையின் பேக்கிங் கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சூளையிலிருந்து வரும் சரக்கைத் தரம் பிரித்து எண்ணுவதும், வைக்கோலைக் கயிறாகத் திரித்த பிரி சுற்றிப் பெட்டியில் அடுக்குவதும் அவர் வேலை. எண்ணிக்கையை எழுதி வைக்கும் கிளார்க் நான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அவர் பிரி வெட்டுவதைக் கொட்டகைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். நீளம் வேறான இரண்டு பிரிகளை, கொஞ்சமும் வீணாகாமல், முடிந்தவரை நீளமான ஒரே அளவுத் துண்டுகளாக்க வேண்டும். சின்னதைப் பெரியதன்மேல் வைத்துப் பார்ப்பார். மீறி நிற்கும் துண்டால் சின்னதை அளப்பார். அதிலும் மீந்தால், மீந்ததைக் கொண்டு முந்தைய துண்டை அளப்பார். மிச்சமில்லாமல் எது அளந்து தீர்க்கிறதோ அதுதான் அளவு. "மிச்சத்த ஒதுக்காதீங்கடி, அதையே அளவா வையுங்க" என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்வார். நான் மீப்பெரு பொது வகுத்தியைப் பள்ளியில் படித்து மார்க் வாங்கியவன். இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. படித்த திமிர்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள். மாலை கூட்ஸ் வண்டியில் சரக்கு ஏற வேண்டும். வெளியே லாரி நின்றது. ஒரு பெட்டியில் எத்தனை ஜாடி, எத்தனை கோப்பையோ அத்தனையே எல்லாப் பெட்டியிலும் இருக்க வேண்டும், பெட்டிக்கு இருபது உருப்படிக்கு மேல் கூடாது என்பது வாங்குபவரின் கட்டளை. ஆர்டர் தாள் மானேஜரோடு சென்னைக்குப் போயிருந்தது. ஜைத்தூன் எண்ணிச் சொன்னது ஜாடி நானூற்றுப் பதினான்கு, கோப்பை ஐந்நூற்றாறு.

இரண்டால் இரண்டு எண்ணும் வகுபட்டன, ஆனால் இரண்டே பெட்டியில் அடங்காது. மூன்றால், ஐந்தால், ஏழால், பதினொன்றால் பார்த்தேன். இரண்டுக்கும் சேர்ந்து எதுவும் ஒத்து வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மானேஜர் பிரியாத கணக்கில் ஆர்டர் பிடித்திருக்க மாட்டார்.

"சரக்கு குறையுது" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

"எண்ணுனது யாரு?" என்றார் மேஸ்திரி.

"ஜைத்தூன்."

"பையக் கொட்டிக் காட்டிட்டுப் போகச் சொல்லு. நாளையிலேந்து வர வேணாம்."

கொட்டகை அப்படியே நின்றுவிட்டது. ஜைத்தூனின் கணவர் அப்போது படுத்த படுக்கை. மூன்று பிள்ளைகள். ஜைத்தூன் வாங்கும் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவர் பையைத் தொடவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "எழுதுங்க சார். பெருசுலேந்து சின்னது போனா எவ்ளோ?"

"தொண்ணூத்திரெண்டு."

"அதால ஜாடிய அளங்க."

நான்கு முறை போய் நாற்பத்தாறு மீந்தது.

"இப்ப அந்த நாப்பத்தாறால தொண்ணூத்திரெண்ட அளங்க."

இரண்டு முறை. மிச்சம் இல்லை. நாற்பத்தாறு பெட்டி. பெட்டிக்கு ஒன்பது ஜாடி, பதினொரு கோப்பை, ஆக இருபது.

"சரி சரி, கட்டுங்க" என்று மேஸ்திரி திரும்பிக்கொண்டார். பெட்டிகள் நேரத்தோடு ஏறின. மானேஜர் வந்ததும் ஆர்டர் தாளைப் பார்த்தேன். அதே எண்கள்தான் இருந்தன.

அன்று மாலை ஜைத்தூனிடம், "கணக்கு சரியாப் போச்சு" என்றேன். அதுவே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"கணக்கு சரியாப் போச்சுங்க சார். அத்தினி பேரு முன்னாடி என்னையச் சொன்னீங்களே, அத யாரு சரி பண்றது?"

நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அதன்பிறகு பத்து வருடம் ஒரே கொட்டகையில் இருந்தோம். என்னிடம் ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை. நானாக எடுத்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, தள்ளிப்போட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அன்று அங்கே நின்றவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் முன்னால்தான் சொன்னேன், உங்கள் முன்னாலேயே திருத்துகிறேன். ஜைத்தூன் எதையும் எடுக்கவில்லை. நான்தான் இருபத்துமூன்று வரை வகுத்துப் பார்க்காமல் பதினொன்றோடு நிறுத்திவிட்டேன்.